தார்பாய்ப் பச்சை

1

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்று என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தி என் மனைவி. இன்னொருவர் அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். கதை அவர்கள் இருவருக்கும் நடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன். பட்டவர்கள் வாயைத் திறக்காமல் இருக்கும்போது கேட்டவன் எழுதுவதில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. தெரிந்தேதான் செய்கிறேன்.

மச்சான் இன்றுவரை சம்மதிக்கவில்லை. "என்னமோ பண்ணுங்க மாப்பிள்ளை, என்கிட்ட மட்டும் படிச்சுக் காட்டாதீங்க" என்று அவர் சொன்னதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்.

"எழுதறதுன்னா நடந்ததை எழுது. அழகு பண்ணாத."

சொல்பவளின் தொழிலே அழகு பண்ணுவதுதான். அப்போது அண்ணனும் தங்கையும் சேர்ந்து உல்லாசப் படகுகளை வடிவமைத்தார்கள். படுக்கையறை, கூடம், குளியலறை எல்லாம் வைத்து, கடலில் வாரக்கணக்கில் குடியிருக்கப் பணம் உள்ளவர்கள் கட்டிக்கொள்ளும் பெரிய மோட்டார் படகுகள். அண்ணன் வெளிப்புறம் வரைவார், தங்கை உட்புறம். ஜன்னல் எங்கே வருவது என்பதில்தான் எப்போதும் சண்டை. கோடு எங்கே அழகாக ஓடுகிறதோ அங்கே வேண்டும் என்பார் அவர். மனுஷன் எங்கே உட்காருகிறானோ அங்கே வேண்டும் என்பாள் இவள். நான் அந்தச் சண்டையில் தலையிட்டதில்லை. மாப்பிள்ளையாக வந்தவன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள அது ஒன்றே வழி.

தொடக்கம் ஒன்று: "அன்று கடல் கண்ணாடியைப் போல"

(நிறுத்திவிட்டேன். படகு கட்டும் கொட்டகையிலிருந்து கடல் தெரியாது. அங்கே தெரிவதெல்லாம் சாரமும் வெள்ளைத் தூசியும்தான்.)

தொடக்கம் இரண்டு: "வாழ்வின் எல்லா உயரங்களையும் தொட்டுவிட்ட அந்தத் தம்பதி, இனி"

(மனைவி எட்டிப் பார்த்து, "இது கதையா, விளம்பரமா?" என்றாள். என் பிழைப்பு விளம்பரக் குறிப்பு எழுதுவது. படகு, சோபா, குளியல் தொட்டி, எது வந்தாலும் எழுதுவேன். கை அந்தப் பக்கமே இழுக்கிறது.)

மூன்றாவது தொடக்கம் கிடையாது. படகு கேட்டு அந்தத் தம்பதி அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

2

கணவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் லாரிக்காரர். ஒரே ஒரு லாரியில் ஆரம்பித்து, பிறகு எண்ணிக்கை தெரியாத அளவுக்கு லாரிகள் ஓட்டியவர். தடித்த விரல்கள், மெல்லிய குரல். அன்றைக்கு அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம், எத்தனை அறை. கூட வந்த மனைவி ஒன்றும் பேசாமல், மேஜைமேல் இருந்த சின்ன மாதிரிப் படகை எடுத்து முகத்துக்கு நேரே வைத்து, மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். முழுசாகப் பார்க்காமல், துண்டு துண்டாகப் பார்ப்பதுபோல.

பிறகு படகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்கும்மா. ஓரத்துல இருந்து சுருங்கிக்கிட்டே வருது. இப்ப உன் மூஞ்சி தெரியுது, காது தெரியல."

என் மனைவி கையால் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாளாம்.

"படகு முடியறப்ப எவ்வளவு மிச்சம் இருக்கும்னு டாக்டருக்கே தெரியல. அதனால ஒண்ணு பண்ணுங்க. உள்ள இருக்கறதையெல்லாம் கைக்குப் பண்ணுங்க. வெளிய இருக்கறதைக் கண்ணுக்குப் பண்ணுங்க. ஆனா வெளிய கொஞ்சம் சீக்கிரம் பண்ணுங்க. ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்."

லாரிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிறம் என்று வந்தபோது மச்சான் வண்ண அட்டைகளை விசிறி மாதிரி விரித்து வைத்தார். வெள்ளையில் மட்டுமே பத்துப் பதினைந்து வகை. அந்த அம்மாள் ஒன்றையும் தொடவில்லை. கைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித் துண்டை எடுத்து அட்டைகளின்மேல் வைத்தார். மெழுகு ஏறி விறைத்துப்போன, கரும்பச்சை நிறத் தார்பாய்.

"எங்க முதல் லாரிக்குத் தார்பாய் வாங்க வக்கில்ல. துணி எடுத்து நாங்க ரெண்டு பேருமே தச்சோம். இவர் பிடிச்சுக்குவார், நான் கோணி ஊசியால தைப்பேன். அந்தப் பச்சை."

"தார்பாய்ல இருந்து தப்பிக்கத்தான் படகே வாங்கறேன்" என்றார் லாரிக்காரர்.

"நீங்க தப்பிங்க. நான் பாக்கணும்."

மச்சான் முதலில் முகத்தைச் சுளித்தார். தார்பாய் நிறத்தில் ஒரு உல்லாசப் படகா என்று தங்கையின் காதில் முணுமுணுத்தார். மறுநாள் அந்த நிறத்தை வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தவர், "பாப்பா, கோடு எப்படி நிக்குது பாரு" என்று மட்டும் சொன்னாராம்.

(ஒரு பணக்கார அம்மாள் தார்பாய் நிறம் கேட்டார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று முதல் பிரதியில் அதை மரகதப் பச்சை என்று மாற்றியிருந்தேன். மனைவி அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை. மாற்றிவிட்டேன்.)

3

உட்புறம்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கூடம் உண்டு. அங்கே பிளைவுட் பலகைகளால் படகின் உள்பாகத்தை முழு அளவில் கட்டிப் பார்ப்பார்கள். நடைவழி, படிக்கட்டு, படுக்கையறை. பூச்சு இருக்காது, விளக்கு இருக்காது. ஒரு வீட்டின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும். அந்த அம்மாள் வாராவாரம் அங்கே வர ஆரம்பித்தார். பார்வை இருக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகினார். என் மனைவியும் ஒரு துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

வீட்டிலும் அதே கதை. துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய் என் டீயைத் தட்டிவிட்டாள். சோபாவில் படுத்திருந்த என் வயிற்றில் முழங்காலை ஊன்றினாள். "நீ ஏன் எப்பவும் ஒரே இடத்துல இருக்க மாட்டேங்கற?" என்று என்னையே திட்டினாள். நான் அசையவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவள் அதுவரை செய்துவந்ததெல்லாம் வழவழப்பு. மரத்தை இழைத்து, மெருகேற்றி, முகம் பார்க்கிற மாதிரி ஆக்குவது. அந்த அம்மாள் ஒரு பலகையைத் தடவிவிட்டுக் கேட்டார்.

"இது ஏம்மா இவ்வளவு வழுக்குது? இதுல விரல் எங்க நிக்கும்?"

அன்றைக்கே எல்லாவற்றையும் கலைத்தாள். நடைவழி முழுக்க இடுப்பு உயரத்தில் ஒரே மரக் கைப்பிடி, எங்கேயும் அறுபடாமல். படி ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கைப்பிடியின் அடியில் விரல் பதிகிற ஒரு பள்ளம். படுக்கையறைக் கதவுக்குத் தோல் சுற்றிய பிடி, குளியலறைக்குப் பித்தளை, மேல்தளத்துக்குப் போகும் கதவுக்குச் சொரசொரப்பாகவே விட்ட ஒரு கட்டை. தரைப்பலகைகள் நடைவழியில் நீளவாக்கில் ஓடி, கதவு வரும் இடத்தில் மட்டும் குறுக்காகத் திரும்பும். காலே சொல்லிவிடும். மேஜைகளில் ஒரு முனைகூடக் கிடையாது.

லாரிக்காரர் அந்தப் பலகை அறைக்குள் நுழையும்போதெல்லாம் தலையிலோ முழங்காலிலோ இடித்துக்கொண்டார். அந்த அம்மாள் ஒருமுறைகூட இடித்துக்கொண்டதில்லை.

"கண்ணு இருக்கறவங்களுக்கு இது சரிப்படாது போல" என்பார் அவர், தலையைத் தேய்த்துக்கொண்டே.

"வந்து என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்பார் அந்த அம்மாள்.

அவர் நிஜமாகவே பிடித்துக்கொள்வார். அந்தப் பிளைவுட் நடைவழியில் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போவதைத் தூரத்தில் நின்று பார்ப்பதுதான் அந்த வருஷத்தில் தனக்குப் பிடித்த வேலையாக இருந்தது என்று மனைவி சொன்னாள்.

4

வெளிப்புறம். இங்கேதான் எனக்குத் தகராறு.

முதல் பிரதியில் மச்சானைக் கர்வம் பிடித்தவராக எழுதியிருந்தேன். எழுதச் சுலபமாக இருந்தது. கலைஞன், பிடிவாதக்காரன், ஒரு கோட்டுக்காக ஊரையே காக்க வைப்பவன். இரண்டு பக்கம் மளமளவென்று வந்தது. மனைவி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"எங்கண்ணன் கர்வி இல்ல. பயந்தாங்கொள்ளி. அப்படி எழுது."

அப்படியே எழுதுகிறேன்.

படகின் உடல் கொட்டகையில் உருவாகிவிட்டது. முன்பக்கம், அதாவது மூக்கு, வரைபடத்தில் இருந்த மாதிரியேதான் வந்திருந்தது. யார் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார்கள். மச்சான் மட்டும் தினமும் அதன் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்க்கோட்டுக்கு இறங்கும் வளைவில் ஓரிடத்தில் கண் தடுக்குகிறது என்றார். வேறு யாருக்கும் தடுக்கவில்லை. அதைத் திருத்த வேண்டுமென்றால் பூச்சு வேலை தள்ளிப்போகும்.

"அண்ணா, அந்தம்மா காத்துட்டிருக்காங்க. பச்சையை அடிச்சுக் காட்டிடலாம்" என்று தங்கை கெஞ்சினாள்.

"அவங்க ஒரு தடவைதான் பாக்கப் போறாங்க பாப்பா. அந்த ஒரு தடவைக்கு இது போதுமா சொல்லு."

"போதும்."

"உனக்குப் போதும்."

மறுபடி வரைந்தார். புது வளைவு கிடைக்க, மூக்கின் இரண்டு பக்கமும் பட்டி ஏற்றினார்கள். ஓட்டை உடைசலை மூடி மட்டம் செய்யச் சுவரில் பூசுகிறோமே, அதே மாதிரி ஒரு மாவு. பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி. கொட்டகை முழுக்க வெள்ளைத் தூசி. மச்சான் தலைமயிரெல்லாம் நரைத்தவர் மாதிரி வீட்டுக்கு வருவார். மழை வந்து ஈரம் காயாமல் வேலை இன்னும் தள்ளிப்போயிற்று.

மூக்கு பிரமாதமாக வந்தது. அதை மறுக்க எனக்கு வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மாளிடமிருந்து தொலைபேசி வந்தது. "நாளைக்கு வரேம்மா" என்றார் என் மனைவியிடம். எப்போதும்போலத்தான் பேசினார். பிறகு, "ஆனா பாக்க இல்ல. சும்மா நடந்துட்டுப் போகலாம்னு" என்றார்.

மனைவி போனைக் காதில் வைத்தபடியே அண்ணனின் அறைக்குப் போனாள். அவர் புதுப் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். ஒட்டிய படத்தின் மேல்முனை பிரிந்து முன்னால் மடங்கி விழுந்தது. அதைச் சரிசெய்யாமலே உட்கார்ந்துவிட்டார்.

5

இதோடு கதையை நிறுத்தியிருக்கலாம். சோகத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் நடந்தது இதோடு நிற்கவில்லை.

பச்சை அடிப்பதற்கு முன்னால் மூக்கின் ஒரு பகுதியில் மட்டும் சோதனையாக அடித்து, கொட்டகைக் கதவைத் திறந்து வெயிலில் விட்டார்கள். அடர்ந்த நிறம் வெயிலைக் குடித்துக் கொதிக்கும். அந்தச் சூட்டில் உள்ளே இருந்த பட்டி உப்பி, தேய்த்த தடமெல்லாம் தோலுக்கு அடியில் நரம்பு தெரிவதுபோல மேலே வந்துவிட்டது. பெயின்ட் மேஸ்திரி கையை விரித்தார்.

"இவ்வளவு கனமா பட்டி ஏத்தினதுக்கு மேல இந்த நிறம் தாங்காது சார். வெள்ளைதான் நிக்கும். இல்லேன்னா பட்டியைச் சுரண்டிட்டுப் பழைய மூக்குக்கே போகணும்."

மச்சான் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "சுரண்டிடுங்க."

லாரிக்காரர்தான் தடுத்தார். படகைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். இவ்வளவு நாள் உழைத்ததை யாருக்காகச் சுரண்டுவது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யாருக்காக என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். பிறகு, "வெள்ளையே அடிங்க. அவகிட்ட சொல்ல வேண்டாம்" என்றார்.

"எப்படி சார் சொல்லாம இருக்கறது?" என்றாள் என் மனைவி.

"அவ கடைசியா கண்ணால பாத்து எடுத்தது அந்தத் துணிதாம்மா. அதுக்கப்புறம் எல்லாம் கையால எடுத்தது. அதை எப்படி நான் இல்லேன்னு சொல்றது? நீ சொல்லு, சொல்லிடறேன்."

 படகில் வேலை செய்யப்போகும் மாலுமி, சமையல்காரர், உதவியாள் எல்லாரிடமும் லாரிக்காரரே தனித்தனியாகப் பேசினார். யாராவது நிறத்தைக் கேட்டால் பச்சை. தார்பாய்ப் பச்சை.

6

படகைத் தண்ணீரில் இறக்கிய நாள். காலையிலேயே இறக்குவதாகத்தான் ஏற்பாடு. ஓத நீர் ஏற வேண்டும் என்று காத்திருந்ததில் உச்சிவெயில் ஆகிவிட்டது. கொட்டகைக்கு வெளியே, சக்கரங்கள் வைத்த தொட்டிலில் படகு நின்றது. பார்ப்பவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் அளவுக்கு வெள்ளை.

"தண்ணியில போறதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டுக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

லாரிக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டுபோய், மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைப் படகின்மேல் வைத்தார். என் மனைவியும் மச்சானும் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்கள். கையைப் படகின்மேல் பார்த்த பிறகுதான் என் மனைவிக்கு உறைத்தது. இந்த வெயிலில் கரும்பச்சை என்றால் கை வைக்கவே முடியாது. வெந்துவிடும். வெள்ளை வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும்.*

அந்த அம்மாள் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வெயில் அவ்வளவா இல்ல போல" என்றார்.

லாரிக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"ஆமா. மேகமா இருக்கு" என்றார்.

"அதான பாத்தேன்."

பிறகு அந்த அம்மாள் ஒரு கையைப் படகின்மேல் ஓட்டிக்கொண்டே முன்பக்கம் போனார். மூக்கு வளைகிற இடத்தில் கை நின்றது. மேலே எட்டினவரை தடவி, கீழே குனிந்து தண்ணீர்க்கோடு வரைக்கும் தடவினார். இரண்டாவது முறையும் அதே மாதிரி செய்தார்.

"தம்பி இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்கேம்மா" என்றார் மச்சான்.

"எங்கயுமே தடுக்கல தம்பி. எவ்வளவு நல்லா வந்திருக்கு."

மச்சான் கொட்டகைக்குள் போய்விட்டார். படகு தண்ணீரில் இறங்கியதை அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தப் படகுக்கும் மூக்கு வரையவில்லை. இப்போது பேருந்துகளுக்கு உடல் வடிவமைக்கிறார். பெட்டி மாதிரி இருந்தால் போதும், அதில் பிரச்சினை இல்லை மாப்பிள்ளை என்கிறார்.

* நிழலில் நிறம் தெரியாமல் போகலாம், வெயிலில் கை வைத்தாலே நிறம் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மத்தியானம் தெருவில் நின்ற கறுப்புக் கார் ஒன்றையும் வெள்ளைக் கார் ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். கறுப்பில் கை சுட்டுவிட்டது. கார்க்காரர் வெளியே வந்து என்ன வேண்டும் என்றார். கதை எழுதுகிறேன் என்றேன். மனுஷர் உடனே கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று சரிபார்த்தார்.

 நிறத்தைப் பற்றி அந்த அம்மாளுக்குத் தெரிந்தது என்று நான் இதுவரை சொல்லவில்லை. வெயில் குறைவு என்று அவர் நிஜமாகவே நினைத்திருக்கலாம். உச்சந்தலையில் வெயில் விழும்போது அப்படி நினைக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

7

லாரிக்காரரும் அந்த அம்மாளும் அந்தப் படகில் பல வருஷம் நன்றாகத்தான் இருந்தார்கள். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. மாதத்தில் பாதி நாள் கடலில்தான். அந்த அம்மாள் படகு முழுக்கத் தனியாக நடமாடினார். லாரிக்காரர் தொடர்ந்து இடித்துக்கொண்டார். உள்ளே ஏதாவது பழுது என்றால் என் மனைவி போய்ப் பார்ப்பாள்.

அப்படி ஒருமுறை போனபோது, நடைவழியில் பிரிந்திருந்த ஒரு தோல் விளிம்பை அவள் ஒட்டிக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மாள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"எல்லாத்தையும் கேப்பாம்மா. இன்னைக்கு வானம் என்ன நிறம், தண்ணி என்ன நிறம், பக்கத்துல போற படகு என்ன நிறம், என் சட்டை என்ன நிறம். எல்லாம் கேப்பா. நம்ம படகைப் பத்தி மட்டும் ஒரு நாளும் கேட்டதில்ல."

"ஏன் சார்?"

அவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை நானும் கேட்டதில்ல" என்றார்.

என் மனைவி அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அவர் இறந்தது கடலில் அல்ல. (ஒரு பிரதியில் கடலில் சாகடித்தேன். அந்தி, அலை என்று நன்றாக அமைந்திருந்தது. அடித்துவிட்டேன்.) வீட்டில், பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், செருப்பை மாட்டக் குனிந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அந்த அம்மாளுக்குக் கொஞ்ச நேரம் அது தெரியவில்லை. செருப்பைத் தேடுகிறார் என்று நினைத்து, அவரிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

8

துக்கம் விசாரிக்க நானும் போயிருந்தேன். மச்சான் வரவில்லை. கூட்டம் கலைந்து சில வாரம் கழித்து அந்த அம்மாளே மறுபடி எங்களை அழைத்தார். சுவரோரம் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்த அறை. அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"படகை வித்துடலாம்னு இருக்கேன். உன் வீட்டுக்காரர்தானே அதுக்கு எழுதுவார்? உள்ள எப்படி இருக்குன்னு நான் சொல்றேன், எழுதிக்கட்டும்" என்றார்.

நான் எத்தனையோ படகுகளுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அவர் சொன்ன மாதிரி ஒன்று எழுதியதில்லை. நடைவழியில் மூன்றாவது ஜன்னலுக்கு நேரே வந்தால் கன்னத்தில் காற்று படும் என்றார். படுக்கையின் இடது பக்கத்துப் பலகையில் ஒரு முடிச்சு இருக்கிறது, தூக்கம் வராவிட்டால் அதை விரலால் சுற்றிக்கொண்டே இருக்கலாம் என்றார். சமையலறை அலமாரியின் நாலாவது கதவு லேசாக இழுக்கும், அதைச் சரிசெய்ய வேண்டாம், அப்போதுதான் அது நாலாவது என்று தெரியும். படியில் இறங்கும்போது முன்னால் போகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பேர் தாராளமாகப் போகலாம்.

சொல்லி முடித்து, தண்ணீர் குடித்தார். நான் வேண்டுமென்றேதான் எழுதுவதை நிறுத்தாமல் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளிப்புறம் பாக்கி இருந்தது. என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய வெள்ளைன்னே போடுங்க தம்பி. வாங்கறவங்களுக்குக் கண்ணு தெரியும்ல" என்றார் அந்த அம்மாள்.

பேனா நின்றுவிட்டது. என் மனைவி, "அம்மா" என்றாள். 

"அன்னைக்கே தெரியும்மா. தார்பாய் தச்சவளுக்கு வெயில்ல பச்சை எப்படிச் சுடும்னு தெரியாதா? மடியில போட்டுத் தைப்பேன், தொடையெல்லாம் கொப்புளிச்சுடும்."

"ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? அந்த மனுஷனுக்குப் பொய்யே வராது. லாரி லேட்டானாக்கூட ஏதாவது காரணம் சொல்லத் தெரியாம முழிப்பார். எனக்காகக் கஷ்டப்பட்டு ஒரு பொய்யைக் கத்துக்கிட்டு வந்து நிக்கறார். மேகமா இருக்குங்கறார். அதைப் போய் எப்படி இல்லேங்கறது?"

 அந்த அம்மாள் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை என் மனைவி இருந்த பக்கம் திருப்பினார். சரியாகத் திருப்பினார். மூச்சு வருகிற இடத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்.

"உன்கிட்ட அவர் நெறையப் பேசுவார். ஒண்ணு மட்டும் சொல்லும்மா. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

9

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அந்த அம்மாள் படகை விற்கவில்லை. மச்சான் ஓடி வந்து, மூக்கைச் சுரண்டி, பச்சை அடிக்கிறார். அந்த அம்மாள் வெயிலில் கை வைத்துச் சுட்டுக்கொண்டு சிரிக்கிறார். மனைவி படித்துவிட்டு, "அழகு பண்ணாதன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள். படகை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அலமாரியின் நாலாவது கதவைக் கட்டாயம் சரிசெய்திருப்பார்கள்.

இரண்டாவது முடிவில் என் மனைவி, தெரியாது என்கிறாள். அப்படியென்றால் அவர் கடைசிவரை தன் பொய் பலித்துவிட்டது என்ற நிம்மதியோடு போனார். அந்த அம்மாள் இவ்வளவு வருஷம் நிறத்தைக் கேட்காமல் வாயைக் கட்டிக்கொண்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது. ஆனால் அத்தனை வருஷமும் அந்த அம்மாள் அந்தப் படகில் தனியாகத்தான் இருந்திருக்கிறார் என்று ஆகிவிடுகிறது.

மூன்றாவது முடிவில், தெரியும் என்கிறாள். அப்படியென்றால் இரண்டு பேரும் சேர்ந்தே அதைச் சுமந்திருக்கிறார்கள். ஆனால் அவரைப் பாதுகாப்பதாக நினைத்து அந்த அம்மாள் செய்ததெல்லாம் அவருக்குத் தெரிந்து, அவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எது உண்மை என்று கேட்காதீர்கள். என் மனைவியின் கையில் இருந்தது நடைவழியில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும். "அதை நானும் கேட்டதில்ல." அதைத் தெரிந்தவன் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாம், நம்பியவன் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாம். எது இதம் என்றும் எனக்குத் தெரியவில்லை. எது வேண்டும் என்று அந்த அம்மாளின் முகத்தில் தேடினேன். இத்தனை வருஷம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் பழகியவரின் முகம் அது.

மனைவி அன்று பதில் சொன்னாள். ஒரே பதில், தயங்காமல் சொன்னாள். அந்த அம்மாள் அதைக் கேட்டுவிட்டு அழுதார். எந்தப் பதிலுக்கும் அழுதிருப்பார் என்பதால் அதை வைத்து நீங்கள் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. திரும்பி வரும் வழியில், சொன்னது சரியா என்று இவள் என்னைக் கேட்டாள். நான் ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டினேன். இன்னும் சில நாளில் அவள் மறுபடி கேட்பாள்.

எனக்குப் பதிலாக நீங்கள்தான் சொல்ல வேண்டும். நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பதிலும் முக்கால்வாசி தூரம் ஒன்றாகவே வந்து, கடைசி எழுத்துகளில்தான் பிரிகின்றன. அதுவரை நான் உங்களோடு வருகிறேன்.

என் மனைவி எழுந்து, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மாளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். சொன்னாள்:

"அவருக்குத் தெரி